காரமும் மரமும்: ஸ்பைசி வுட்டி பெர்ஃப்யூம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பைசி வுட்டி என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன மணம்?

மிளகு, ஏலக்காய், கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், குங்குமப்பூ என்று ஏதாவது ஒரு மசாலா வாசம் முன்னால் வரும். அதற்கு அடியில் சந்தனம், சீடர்வுட், வெட்டிவேர், அகில் மாதிரி ஒரு கட்டைவாசம் நிற்கும். விளக்கம் இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் நம்பி பாட்டில் வாங்கிவிடாதீர்கள், ஏனென்றால் இந்த ஒரு பெயருக்குக் கீழே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மணங்கள் இருக்கின்றன. பென்சில் சீவிய தூள் போல வறண்டு கிடப்பது ஒன்று, பிசினும் வெனிலாவும் சேர்ந்து இனிப்பாகக் கனப்பது ஒன்று, புகை ஏறியது ஒன்று, பால் போல வழவழப்பாக உடம்போடு ஒட்டிக்கொள்வது இன்னொன்று.

என்னைக் கேட்டால், ஒரு பெர்ஃப்யூமின் குணத்தைத் தீர்மானிப்பது அதில் உள்ள மரம்தான். மசாலா உங்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும், நாள் முழுக்கக் கூட வரப்போவது மரம். விளம்பரமெல்லாம் மசாலாவைப் பற்றியே பேசும், வாங்குகிறவரும் அதையே கேட்பார். கடைசியில் பிடிக்காமல் அலமாரியில் கிடக்கும் பாட்டில்களில் பெரும்பாலானவற்றில் பிரச்சினை மரத்தில்தான் இருக்கும்.

மிளகு, பட்டை எல்லாம் போட்டால் மூக்கு எரியாதா?

மிளகால் எரியாது. மிளகைக் கடித்தால் நாக்கில் ஏறும் காரத்துக்குக் காரணம் பைப்பரின். அது ஆவியாகிப் பறக்கும் பொருள் இல்லை, அதனால் மிளகை நீராவியில் வடித்து எடுக்கும் எண்ணெயில் அது வருவதில்லை. வருவது மணம் மட்டும்: கொஞ்சம் எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பைன் மரம், அதற்குப் பின்னால் உலர்ந்த கட்டை போல ஒரு வாசம். 'இது மிளகு' என்று மூக்கு சட்டென்று அடையாளம் காண்கிற அந்தப் பகுதியில் ரோட்டண்டோன் என்ற மூலக்கூறுக்குப் பெரிய பங்கு உண்டு. அது முதலில் அடையாளம் காணப்பட்டது மிளகில் இல்லை, கோரைக்கிழங்கில். அது மிளகு மணம் தரும் பொருள் என்பது 2008-இல்தான் தெரிந்தது, அதுவும் ஷிராஸ் திராட்சை ஒயினில் மிளகு வாசம் ஏன் வருகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருந்தபோது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. பச்சோலி என்ற இலையின் எண்ணெயிலும் குவாயக் மர எண்ணெயிலும் ஆல்ஃபா குவாயீன் என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. அது காற்றுபட்டு ஆக்சிஜனோடு சேர்ந்தால் இதே ரோட்டண்டோன் உருவாகும். அதாவது மிளகும் மரமும் யாரோ வலிந்து சேர்த்துவைத்த ஜோடி இல்லை, வேதியியலிலேயே உறவுக்காரர்கள். நல்ல ஸ்பைசி வுட்டி பெர்ஃப்யூமில் மசாலா எங்கே முடிந்தது, மரம் எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போவதற்கு இந்த உறவும் ஒரு காரணம்.

பட்டை, கிராம்பு கதை வேறு. பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடும் கிராம்பில் உள்ள யூஜினாலும் மணத்தை உணரும் நரம்போடு நிற்காமல், சூட்டையும் எரிச்சலையும் உணரும் நரம்பையும் தொடும். இவை தூக்கலாக இருக்கும் பெர்ஃப்யூமை முகரும்போது 'கதகதப்பாக இருக்கிறது' என்று சொல்கிறோமே, அது வெறும் கற்பனை இல்லை.

அப்புறம், பிங்க் பெப்பர் என்று பல பாட்டில்களில் போட்டிருப்பார்கள். அது மிளகே கிடையாது. மா, முந்திரி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பழம். மணமும் மிளகைவிட லேசாக, பழமும் ரோஜாவும் கலந்த மாதிரி இருக்கும்.

அடித்தவுடன் ஒரு மணம், ரெண்டு மணி நேரம் கழித்து வேறு மணம். ஏன் இப்படி மாறுகிறது?

ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு வேகத்தில் ஆவியாவதால். கொதிநிலையை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். எலுமிச்சை வாசம் தரும் லிமோனீனும் ஏலக்காயின் குளிர்ச்சிக்குக் காரணமான சினியோலும் 176 டிகிரியில் கொதிப்பவை. கிராம்பின் யூஜினால் 254 டிகிரி. சந்தனத்தின் சாண்டலால் 300-ஐத் தாண்டும். உடம்புச் சூட்டில் எதுவும் கொதிக்கப்போவதில்லை, ஆனால் பறந்துபோகும் வரிசை பெரும்பாலும் இதுதான்.

'மசாலா எல்லாம் முதல் பத்து நிமிஷம்தான்' என்று பொதுவாகச் சொல்வார்கள், அது பாதிதான் சரி. மிளகும் ஏலக்காயும் சீக்கிரம் போய்விடும். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் நடுப்பகுதி வரை தாங்கும். குங்குமப்பூ மணத்துக்காகச் சேர்க்கும் பொருட்களில் சில, தோல் பை மாதிரி ஒரு வாசத்தோடு கடைசிவரை மரத்தோடு தங்கிவிடும். ஆகவே ஏலக்காய் பிடித்துப்போய் வாங்குகிறவர், அந்த ஏலக்காய் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடும் என்று தெரிந்து வாங்க வேண்டும். மிச்ச நேரத்துக்கு யார் இருக்கப்போகிறார்கள் என்று பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், வேறு வழியில்லை.

மரம் என்றால் எந்த மரம்? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்?

இல்லவே இல்லை.

சீடர்வுட் என்று எழுதியிருந்தால் அது ரெண்டு மூன்று வேறு மரங்களில் ஒன்றாக இருக்கலாம். வர்ஜீனியா சீடர் என்பது உண்மையில் ஒரு ஜூனிபர் மரம். ஒரு காலத்தில் பென்சில் செய்யப் பயன்பட்டது அதுதான், அதனால்தான் அதை முகர்ந்தவுடன் பள்ளிக்கூடப் பென்சில் பெட்டி ஞாபகம் வருகிறது. வறட்சி, சுத்தம், நேர்க்கோடு போல ஒரு மணம். அட்லஸ் சீடர் மொராக்கோ, அல்ஜீரியா மலைகளில் வளரும் தேவதாரு இனம். அதில் இனிப்பும் மிருகங்களின் உடம்பு போன்ற வாசமும் லேசாக உண்டு, பழத்தோடும் பட்டையோடும் நன்றாகச் சேரும்.

சந்தனத்தைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

வெட்டிவேர் மரமே இல்லை, புல்லின் வேர். ஆனாலும் பெர்ஃப்யூம் உலகத்தில் அதை மரக் குடும்பத்தில்தான் வைப்பார்கள். உலகச் சந்தைக்கு நிறைய எண்ணெய் ஹெய்ட்டியிலிருந்து வருகிறது. ஜாவா வெட்டிவேரில் புகை வாசம் கூடுதல், ஹெய்ட்டி வெட்டிவேர் அதைவிடத் தெளிவாக, பச்சையாக இருக்கும். மிளகோடு வெட்டிவேரைச் சேர்த்தால் மழைக்குப் பிறகு காய்ந்துகொண்டிருக்கும் மண்ணும் கல்லும் மாதிரி ஒரு மணம் வரும். ஸ்பைசி வுட்டியில் எனக்கு மிகவும் நெருக்கமான சேர்க்கை அதுதான். இனிப்பே வேண்டாம் என்பவர்கள் முதலில் தேட வேண்டியதும் அதைத்தான்.

பச்சோலியும் மரம் இல்லை, இலை. பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. புதிதாக வடித்த எண்ணெய் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், வருஷம் போகப் போக மென்மையாகிவிடும்.

குவாயக் மரம் தென் அமெரிக்காவின் கிரான் சாக்கோ காடுகளில் வளர்வது. புகையும் ரோஜாவும் சேர்ந்த மணம். தனியாகக் கவனத்தை இழுக்காது, ஆனால் அது இருக்கும் இடத்தில் எல்லாம் மெத்தென்று ஆகிவிடும்.

பாட்டிலில் சந்தனம் என்று போட்டிருக்கிறதே, உண்மையான சந்தனமா?

பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் கொஞ்சமாகத்தான் இருக்கும். சந்தன மரம் பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைக் கோத்து அதிலிருந்தும் உறிஞ்சி வளர்வது, தனியாக நட்டுவைத்தால் தேறாது. மணம் இருப்பது மரத்தின் நடுவில் உள்ள கெட்டியான வைரக்கட்டையில். அந்த வைரம் நன்றாக விளைய பல ஆண்டுகள் வேண்டும். மைசூர்ப் பகுதியின் இயற்கைச் சந்தனம் அளவுக்கு மீறி வெட்டப்பட்டு அருகிப்போன பிறகு, அதே இன மரத்தை மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனுரா பகுதியில் பெரிய தோட்டங்களாக வளர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கே உரிய இன்னொரு சந்தன இனமும் உண்டு, அதில் சாண்டலால் குறைவு, மணமும் வறண்டது. நல்ல சந்தன எண்ணெய்க்கான சர்வதேசத் தரநிலை ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்கிறது.

ஆனால் செயற்கை என்றவுடன் முகம் சுளிக்க வேண்டாம். ஜாவனால், பாலிசாண்டால் போன்ற ஆய்வகப் பொருட்கள் சந்தனத்தின் ஒரு பக்கத்தை எடுத்து அதைப் பெரிதாக்கிக் காட்டும். இயற்கைச் சந்தனம் தோலோடு தோலாக அமைதியாக இருக்கும், தூரம் போகாது. அதைத் தூக்கிக்கொண்டு போவதற்கு இந்த மாதிரி ஒன்று தேவைப்படுகிறது. எனக்குத் தவறாகப் படுவது ஒன்றுதான்: துளி இயற்கை எண்ணெய் கூட இல்லாத பாட்டிலின் விளம்பரத்தில் சந்தனக் காட்டைக் காட்டுவது.

ஊத் என்கிறார்கள், அகில் என்கிறார்கள். ரெண்டும் ஒன்றா? ஏன் அவ்வளவு அரிது?

ஒன்றேதான். அக்குயிலாரியா இன மரம் நலமாக இருக்கும்போது அதன் கட்டைக்குச் சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது, நிறமும் வெளிர்தான். காயம் பட்டு, பூஞ்சை தொற்றி, அதை எதிர்க்க மரம் சுரக்கும் கரும்பிசின்தான் அகில். எல்லா மரத்திலும் அது உருவாவதில்லை. அதனால் காட்டில் கண்டபடி வெட்டிச் சாய்த்தார்கள். மலாக்கா அகில் 1995-லும், பிறகு அந்த மரப் பேரினம் முழுவதும் சைட்டீஸ் எனும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இப்போது தோட்டங்களில் மரத்தில் துளை போட்டுத் தொற்றை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள்.

அசல் அகில் எண்ணெயில் தொழுவம், சீஸ், தேன், புகை, மருந்து எல்லாம் ஒன்றாக இருக்கும். பெரிய பிராண்டுகளின் 'ஊத்' பெர்ஃப்யூம்களில் கிடைப்பது இதன் அடக்கமான, துடைத்து மெருகேற்றிய வடிவம்தான்.

அடித்த அரை மணி நேரத்தில் எனக்கு மணமே தெரியவில்லை. போலியா?

முதலில் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். தொடர்ந்து வரும் ஒரே மணத்தை மூளை ஒதுக்கிவிடும், அது இயல்பு. கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்தால் சட்டை காலரில் திரும்பத் தெரியும்.

இந்த வகை பெர்ஃப்யூமில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐஸோ ஈ சூப்பர் என்ற மூலக்கூறு 1970-களில் மணப்பொருள் தயாரிக்கும் ஐ.எஃப்.எஃப். நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்து வந்தது. சீடர்வுட், அதற்கு மேலே ஒரு வெல்வெட் மெருகு, அப்படி ஒரு மணம். நவீன மரப் பெர்ஃப்யூம்களில் அது இல்லாததைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் சிலரால் சரியாக முகரவே முடியாது, சிலருக்கு வருவதும் போவதுமாக இருக்கும். 2006-இல் கேசா ஷூன் என்ற பெர்ஃப்யூம் கலைஞர் அதை மட்டுமே வைத்து மாலிக்யூல் 01 என்ற பெர்ஃப்யூமை வெளியிட்டார். அதை முகர்ந்து 'இது வெறும் தண்ணீர்' என்று சொன்னவர்களும் உண்டு, அடித்தவரைத் தெருவில் நிறுத்தி 'என்ன சென்ட்' என்று கேட்டவர்களும் உண்டு. எனவே உங்கள் மூக்குக்குத் தெரியவில்லை என்பதால் மணம் இல்லை என்று முடிவு கட்டி, மேலும் மேலும் அடிக்காதீர்கள்.

லக்சுரி என்ற பட்டத்துக்கு அர்த்தம் இருக்கிறதா?

சில பாட்டில்களில் இருக்கிறது, பலவற்றில் மூடியின் கனத்தில் மட்டும் இருக்கிறது. வித்தியாசத்தை எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். மசாலா அடங்கி மரம் மேலே வருகிற அந்த இடைப்பட்ட நேரம், சுமாராக இருபதாவது நிமிஷத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. அவசரமாகச் செய்த பெர்ஃப்யூமில் இந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும்: மிளகு போயிருக்கும், மரம் இன்னும் வந்திருக்காது, நடுவில் ஏதோ ஷாம்பு மாதிரி, பெயர் சொல்ல முடியாத ஒரு வாசம் மட்டும் இருக்கும். இல்லையென்றால் கூரான ஒரு செயற்கை மரவாசம் முதல் நிமிஷத்திலிருந்தே எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு நிற்கும், எட்டு மணி நேரம் கழித்தும் அதே கூர்மை, தலைவலிதான் மிச்சம். நன்றாகச் செய்ததில் ஜாதிக்காய் போன தடமே தெரியாது, அதே இடத்தில் சீடர் வந்து நிற்கும், எப்போது மாறியது என்று உங்களால் சொல்ல முடியாது. இதற்கு நல்ல சரக்கு மட்டும் போதாது, பொறுமையாகத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதிய ஃபார்முலா வேண்டும். நான் மதிப்பு கொடுப்பது அந்த உழைப்புக்குத்தான்.

நெடுநேரம் நிற்பதை மட்டும் தரத்துக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். மோசமான மணமும் நெடுநேரம் நிற்கும்.

ஓ த துவாலெட், ஓ த பர்ஃபம், பர்ஃபம்: எதை எடுப்பது?

ஆல்கஹாலில் எவ்வளவு மணப்பொருள் கரைந்திருக்கிறது என்பதற்கான பெயர்கள் இவை. தோராயமாக முதலாவதில் 5 முதல் 15 சதவீதம், ரெண்டாவதில் 15 முதல் 20, மூன்றாவதில் 20-க்கு மேல். ஆனால் கட்டாயமான எல்லை எதுவும் கிடையாது, பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். முக்கியமாக, ஒரே பெயரில் வரும் மூன்றும் பெரும்பாலும் வெவ்வேறு ஃபார்முலாக்கள். மிளகின் துள்ளல் வேண்டுமென்றால் ஓ த துவாலெட்டில்தான் நன்றாகத் தெரியும். பர்ஃபத்தில் மரமும் பிசினும் கனத்து மசாலாவை அமுக்கிவிடும்.

இது ஆண்களுக்கான மணம்தானே?

இல்லை. நவீன மரப் பெர்ஃப்யூம்களுக்கு வழி திறந்துவிட்டதே பெண்களுக்காக வந்த ஒன்று. அடுத்த பதிலில் வருகிறது.

இந்த வகையைப் புரிந்துகொள்ள எதையெல்லாம் முகர்ந்து பார்க்கலாம்?

வாங்கச் சொல்லவில்லை, கடையில் முகரக் கிடைத்தால் விடாதீர்கள். ஷனேலின் புவா தே ஸீல், 1926, எர்னஸ்ட் போ செய்தது: சந்தனத்தைப் பட்டுத்துணி மாதிரி கையாண்ட பெர்ஃப்யூம். ஈவ் சேன் லோரானின் ஓப்பியம், 1977: கிராம்பும் பிசினும் உச்ச ஸ்தாயியில், வெட்கமே இல்லாமல். ஷிசேடோவுக்காக 1992-இல் செர்ஜ் லூட்டன்ஸ் மேற்பார்வையில் வந்த ஃபெமினிட்டே து புவாதான் நான் மேலே சொன்னது. அட்லஸ் சீடரோடு பிளம் பழமும் பட்டையும் ஏலக்காயும் சேர்த்து, பெண்கள் பெர்ஃப்யூமில் பூவைப் பின்னுக்குத் தள்ளி மரத்தை நடுவில் நிறுத்தியது. காம் தே கார்சோனின் முதல் பெர்ஃப்யூம் 1994-இல் வந்தது, மசாலாவையும் மரத்தையும் அலங்காரமே இல்லாமல் வைத்தது. அப்புறம் ழான் குளோத் எலெனா 2006-இல் செய்த டேர் தேர்மேஸ்: ஆரஞ்சு, மிளகு, உரசிய கல், வெட்டிவேர். ஒரே ஒன்றைத்தான் முகர முடியும் என்றால் இதைச் சொல்வேன். அத்தனை குறைவான பொருட்களை வைத்து அத்தனை விரிந்த ஒரு வெளியைக் காட்ட முடியும் என்பது இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

கடையில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

காகிதப் பட்டையில் அடித்து, பிடிக்காததைக் கழித்துவிடுங்கள். மிஞ்சிய ஒன்றையோ ரெண்டையோ மட்டும் மணிக்கட்டுக்கு ஒன்றாக அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வாருங்கள். அன்று வாங்க வேண்டாம். நடுவில் காப்பிக் கொட்டையை முகரச் சொல்வார்கள், அதனால் பெரிய பயனில்லை, கூடுதலாக இன்னொரு மணம்தான் சேரும். உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்தாலே போதும். ராத்திரி படுக்கும் முன் மணிக்கட்டில் மிச்சம் இருக்கிறதே, அதுதான் அந்த பெர்ஃப்யூமின் மரம். அது பிடித்திருந்தால் மறுநாள் வாங்கலாம்.

எங்கே, எவ்வளவு அடிப்பது?

வெயில் காலத்தில் ஒன்று அல்லது ரெண்டு ஸ்ப்ரே, கழுத்துக்குக் கீழே. சூட்டில் பட்டையும் பிசினும் சீக்கிரம் எழும்பி அடைத்த மாதிரி ஆகிவிடும். மூடிய அறையில் வேலை என்றால் இன்னும் குறைவு. குளிரில் தாராளமாக இருக்கலாம். வறண்ட தோலில் மணம் சீக்கிரம் போகும், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவிய பிறகு அடித்தால் நிற்கும். துணியில் மரவாசம் நாள்கணக்கில் தங்கும், ஆனால் அடர்நிறத் திரவம் வெள்ளைச் சட்டையில் கறை வைக்கும்.

தோலில் அரிப்பு வருகிறது, மசாலாதான் காரணமா? பழைய பாட்டில் மாதிரி புதியது இல்லையே, அது ஏன்?

ரெண்டு கேள்விக்கும் பதில் ஓரளவு ஒன்றுதான். யூஜினால், ஐஸோ யூஜினால், சின்னமால்டிஹைடு ஆகியவை ஒவ்வாமை தரக்கூடியவை என்று நன்கு தெரிந்தவை. ஐரோப்பிய ஒன்றியம் இப்படிப்பட்ட 26 பொருட்களின் பெயரை, தோலில் தங்கும் தயாரிப்பில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் பெட்டியில் எழுத வேண்டும் என்று விதித்தது. 2023-இல் வந்த விதி அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக நீட்டியது. இஃப்ரா என்ற, மணப்பொருள் துறையின் சர்வதேச அமைப்பும் இவற்றின் அளவுக்கு உச்சவரம்பு வைக்கிறது. வரம்பு மாறும்போதெல்லாம் ஃபார்முலாவையும் மாற்ற வேண்டியிருக்கும். கிராம்பு தூக்கலான பழைய பெர்ஃப்யூம்கள் பல இப்படித்தான் மெலிந்தன. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் தோல் தடித்துப்போகிறவரிடம் அந்த வருத்தத்தைச் சொல்ல முடியாது.

அரிப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். பெட்டியில் உள்ள பெயர்களைக் குறித்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், எந்தப் பொருள் என்று சோதனை செய்து சொல்வார்.

பாட்டிலை எப்படி வைத்திருப்பது?

வெளிச்சம் படாத, சூடு ஏறாத இடத்தில், மூடியோடு. குளியலறை வேண்டாம். முதலில் கெடுவது எலுமிச்சை, மிளகு பக்கம்தான்: அடித்தவுடன் வார்னிஷ் மாதிரி ஒரு வாசம் வந்தால் அதற்கு அர்த்தம் அது. பத்து நிமிஷம் பொறுத்துப் பாருங்கள், அடியில் மரம் நன்றாகவே இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், சட்டையில் அடித்துக்கொள்ளலாம்.